இரு சாக்ஷிகளும் ஓர் உண்மையும்

திருவிடைமருதூர் மஹாலிங்கஸ்வாமி ஆலயத்தின் கீழை வாயிலில் ஒரு சாக்ஷி நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. வரகுண பாண்டியனைப் பற்றிவந்த பிரமஹத்தியே அந்தச் சாக்ஷி. வேட்டையினின்று திரும்பிய பாண்டியனின் குதிரைக் குளம்பின் கீழ், வழியில் கிடந்த அந்தணன் ஒருவன் மிதியுண்டு இறந்தான். அரசன் அறியாமல் நேர்ந்ததாயினும் பழி அவனைத் தொடர்ந்தது. அவன் இடைமருதை அடைந்து கீழை வாயிலுட் புகுந்ததும், பழி உள்ளே தொடரமாட்டாமல் வெளியே நின்றுவிட்டது. அரசனோ ஆண்டவன் ஆணைப்படி மேலை வாயில் வழியே வெளியேறிவிட்டான். இது புராணம் கூறும் வரலாறு. அவன் திரும்பி வருவான் என்று பழி இன்னும் காத்திருக்கிறதாம். கீழை வாயிலிற் புகுந்தவர் அவ்வழியே மீளலாகாது என்னும் வழக்கமும் இக்கதையைப் பற்றி எழுந்ததே.

இந்தப் பிரமஹத்தியைச் சாக்ஷிக் கூண்டில் ஏற்றி, “அரசன் எங்கே?” என்று வினவினால் அது என்ன சொல்லும்? “உள்ளே சென்றதைக் கண்டேன், திரும்பி வரக் கண்டிலேன், ஆகையால் இன்னும் உள்ளேயே இருக்கிறான்” என்று சொல்லும். முதலிரண்டு வாக்கியங்களும் மெய். எவ்வளவு கெட்டிக்கார வக்கீலும் குறுக்கு விசாரணையில் அவற்றை அசைக்க முடியாது. மூன்றாவது வாக்கியமோ சாக்ஷியமன்று, அநுமானம். அதுவும் பிழையான அநுமானம். கண்டதற்கும், கண்டதைக்கொண்டு ஊகித்ததற்கும் உள்ள இவ்வேற்றுமையை உணராமல், பௌதிக சாஸ்திரத்தின் பேரறிஞர்களே ஏறக்குறைய இருபது வருஷகாலம் தடுமாறினர். அந்த வரலாற்றை இன்று நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். வெறும் விநோதத்திற்காக அன்று. அதைத் தவறாகப் படித்துவிட்டு, “உண்மை என்று ஒன்றில்லை, அவரவர்க்கு அவரவர் உண்மை, ஐன்ஸ்டீனே சொல்லிவிட்டார்” என்று மேடையேறிப் பேசுவோர் நாட்டில் மிகுந்துவருகின்றனர். பொதுக் காரியத்தில் ஈடுபட்டவர்கள் இவ்வாதத்திற்கு விடையறிந்திருப்பது அவசியம்.

விஷயத்திற்கு வருவோம். பூமியின் ஆகர்ஷணத்தை மீறி ஒரு பொருள் வெளியேற வேண்டுமானால் விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதே பூமியை மேலும் மேலும் சிறிய இடத்தில் ஒடுக்கினால் வேண்டிய வேகம் ஏறிக்கொண்டே போகும். சுமார் 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோலிக்குண்டாக ஒடுக்கிவிட்டால், விநாடிக்கு 3 லக்ஷம் கிலோமீட்டர் ஓடும் ஒளியும் அதனின்று தப்ப இயலாது. சூரியனுக்கு அந்த ஆரம் 3 கிலோமீட்டர். மூன்று சூரியர்களின் எடையுள்ள நக்ஷத்திரத்திற்கு 9 கிலோமீட்டர். அதாவது கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் வரையுள்ள தூரமளவே. இவ்வாறு ஒடுங்கிய பொருளையே கருந்துளை என்கிறோம். எந்த எல்லைக்கு அப்பால் நடப்பது எதுவும் வெளியிலிருப்போர்க்கு ஒருநாளும் எட்டாதோ, அவ்வெல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். அது சுவருமன்று, திரையுமன்று. உட்செல்லலாம், மீளலாகாது என்னும் விதி ஒன்றே அதன் உருவம்.

இனி இரு மனிதரை எண்ணிக்கொள்வோம். ஒருவன் கருந்துளைக்கு வெகு தூரத்தில் நிற்கிறான். மற்றவன் கையில் ஒரு கடிகாரமும் விளக்கும் ஏந்தி, விநாடிக்கு ஒரு முறை விளக்கை மினுக்கிக்கொண்டே அதற்குள் விழுகிறான். தூரத்தில் நிற்பவன் கொடுக்கும் வாக்குமூலம் இது: “முதலில் விநாடிக்கு ஒரு மினுக்கு வந்தது. பிறகு இடைவெளி நீண்டது. இரண்டு விநாடி, பத்து விநாடி, ஒரு மணி என்று வளர்ந்தது. ஒளி சிவந்து மங்கியது. அவன் எல்லையைத் தாண்டியதை நான் ஒருபோதும் காணவில்லை.” விழுகிறவன் வாக்குமூலமோ வேறு: “என் கடிகாரம் என்றும் போலவே ஓடியது. விநாடிக்கு ஒரு முறை தவறாமல் விளக்கை மினுக்கினேன். எல்லை வந்ததும் தெரியாது, கடந்ததும் தெரியாது. சிறிது நேரத்தில் கடந்து உள்ளே வந்துவிட்டேன்.”

ஒருவன் எக்காலத்தும் கடக்கவில்லை என்கிறான். மற்றவன் சில விநாடிகளிற் கடந்தேன் என்கிறான். இவர்களில் எவன் பொய்யன்? ஒருவனும் பொய்யனல்லன். அப்படியானால் உண்மை இரண்டா? அதுவுமன்று. எங்ஙனம் என்பதைக் காட்ட நம் காவேரியே போதும்.

மதகு ஒன்றை நோக்கிக் காவேரி நீர் இழுக்கப்படுகிறது. நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடுகிறது. மேலே, ஓட்டம் மந்தமான இடத்தில் ஒரு கெண்டை நிற்கிறது. அதன் தோழன் நீரோடு மிதந்து மதகை நோக்கிப் போகிறது. போகும்போதே நாழிகைக்கு ஒரு மீன்குஞ்சை மேல்நோக்கி அனுப்பி ‘நலம்’ என்று செய்தி விடுக்கிறது. குஞ்சுகள் யாவும் ஒரே வேகத்தில் நீந்துபவை. அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் அவற்றால் ஆகாது. தோழன் மதகை அணுகும்தோறும், குஞ்சு எதிர்க்கவேண்டிய நீரின் வேகம் மிகுகிறது. வந்து சேரத் தாமதம் நேர்கிறது. ஆற்றின் ஓரிடத்தில் நீரின் வேகமும் குஞ்சின் வேகமும் சமமாகின்றன. அவ்விடத்திற்குச் சற்று முன் அனுப்பிய குஞ்சு நெடுநேரம் போராடிப் பின்னரே வந்து சேர்கிறது. அவ்விடத்திலேயே அனுப்பிய குஞ்சு நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கிறது. அதற்குப்பின் அனுப்பியவை மதகுக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன. மேலே நிற்கும் கெண்டை, கடைசியாக வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு, ‘தோழன் அந்த இடத்திலேயே தங்கிவிட்டான்’ என்று முடிவுகட்டுகிறது. தோழனோ அவ்விடத்தைக் கடந்ததைக்கூட உணரவில்லை. அதைச் சுற்றியுள்ள நீர் அதனோடு சேர்ந்தே ஓடிற்று. ஆற்றின் நடுவே அங்கே கோடு எதுவும் கிழித்திருக்கவில்லை.

இவ்வுவமை வெறும் கற்பனையன்று. பாயும் நீரிற் செல்லும் ஒலியலைகளுக்கும் கருந்துளையருகிற் செல்லும் ஒளிக்கும் கணிதம் ஒத்திருப்பதைக் கனடா தேசத்து வில்லியம் உன்ரூ என்பவர் 1981-இல் எடுத்துக்காட்டினார். கருந்துளையின் அருகே நீருக்குப் பதிலாக ஆகாயவெளியே உள்நோக்கிப் பாய்வதாகக் கொண்டு கணக்கிடலாம். ஒளியே நம் மீன்குஞ்சு. தூரத்தில் நிற்பவன் கண்டது செய்தியின் தாமதத்தை. தோழன் நின்றுவிட்டான் என்பது அவன் சேர்த்துக்கொண்ட அநுமானம்.

ஆகர்ஷணம் மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடுவது ஏட்டுச் சுரைக்காயன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1960-இல் பவுண்டு, ரெப்கா என்னும் இருவர், 22.5 மீட்டர் உயரத்திற்குள்ளேயே இவ்வேற்றுமையை அளந்து காட்டினர். தஞ்சைப் பெருவுடையார் விமானத்தின் உயரம் 216 அடி என்பர். அதன் உச்சியில் வைத்த கடிகாரம், அடியில் வைத்ததைவிட வருஷத்திற்கு ஒரு விநாடியின் பத்து லக்ஷத்தில் கால் பங்கு அளவு முந்தும். நம் கைப்பேசிகளுக்கு வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லக்ஷத்தில் 38 பங்கு முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் வழி கிலோமீட்டர் கணக்கில் பிசகும். பூமியில் அணுவளவாக இருப்பது கருந்துளையருகே அளவின்றிப் பெருகுகிறது, அவ்வளவே.

நிற்க. இனி அறிஞர்கள் தடுமாறிய வரலாற்றைச் சொல்வோம். அதில் முதற்பங்கு ஒரு தமிழருடையது. திருவானைக்காவலிற் பிறந்த ஸர் ஸி. வி. ராமனுடைய தமையன் மகனாகிய ஸுப்ரஹ்மண்யன் சந்திரசேகர், சென்னை ராஜதானிக் கலாசாலையிற் பயின்று, 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பலேறினார். வயது 19. எரிபொருள் தீர்ந்த நக்ஷத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்குவதற்கு எடையில் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை அக்கடற்பிரயாணத்திலேயே கணக்கிட்டுக் கண்டார். சூரியனைப்போற் சுமார் 1.4 மடங்கு என்னும் அவ்வரம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. வரம்பை மீறிய நக்ஷத்திரத்தின் கதி என்ன? 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் ராஜரீக வானசாஸ்திர சங்கத்தில் சந்திரசேகர் தம் முடிவை வாசித்தார். உடனே எழுந்தவர் அக்காலத்து வானசாஸ்திரிகளில் தலைசிறந்த எட்டிங்டன். அவர் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எல்லோர்க்கும் முன்னே கண்டவர்: நக்ஷத்திரம் சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கி, தன் ஒளியையே வெளிவிடாமற் பிடித்துக்கொள்ளும். கண்டும், இஃது அபத்தம், இயற்கை இதற்கு இடங்கொடாது என்று நகையாடித் தள்ளினார். அடிமை நாட்டிலிருந்து சென்ற இளைஞருக்குச் சபையிற் பரிந்து பேசுவாரில்லை. அவர் வாய்ச்சண்டையில் இறங்கவில்லை, கணக்கைத் திருத்தவுமில்லை. 1983-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்ததும் அவ்வருஷமே.

எட்டிங்டன் மறுத்த முடிவை 1939-இல் அமெரிக்காவில் ஆப்பன்ஹைமரும் ஸ்னைடரும் முறையாகக் கணித்தனர். நாம் மேலே சொன்ன இரு வாக்குமூலங்களும் அக்கட்டுரையிலேயே இருந்தன. நக்ஷத்திரத்தோடு சேர்ந்து விழுவோனுக்குச் சுமார் ஒரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். வெளியிலிருப்போனுக்கு நக்ஷத்திரம் எல்லையை நெருங்கிக்கொண்டே இருக்கும், சேராது. அக்கட்டுரையைத் தாங்கிய சஞ்சிகை இதழின் தேதி செப்டம்பர் 1. அன்றே ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. இரண்டு நாளில் நம் தேசமும், நம்மை ஒரு வார்த்தை கேளாமலே, அதில் இழுத்துவிடப்பட்டது. கட்டுரையை நாடுவாரில்லை. பின்னர் எடுத்துப் படித்தவர்களும் வெளியிலிருப்போன் சாக்ஷியத்தையே முழு உண்மையாகக் கொண்டனர். ருஷ்ய அறிஞர்கள் அதற்கு ‘உறைந்த நக்ஷத்திரம்’ என்றே பெயரிட்டனர். நக்ஷத்திரம் எல்லையில் உறைந்து நின்றுவிட்டதால் உள்ளே ஆராய வேண்டியது ஒன்றுமில்லை என்பது அவர்கள் கருத்து. கீழை வாயிற் பிரமஹத்தியின் தீர்ப்பும் அதுதானே!

அம்மயக்கத்தைத் தெளிவித்தவர் டேவிட் பின்கெல்ஸ்டைன். காலத்தை வெளியிலிருப்போன் கடிகாரத்தால் மாத்திரம் அளவிடாமல், உள்ளே செல்லும் ஒளியைத் தழுவி அளக்கும் முறையொன்றை 1958-இல் அவர் வெளியிட்டார். அம்முறையில் இரு வாக்குமூலங்களும் ஒரே படத்தில் முரணின்றி அடங்கின. எல்லையில் உறைந்தது நக்ஷத்திரமன்று, அதன் பிம்பமே என்பது வெளியாயிற்று. இதில் விதியின் விளையாட்டொன்று உண்டு. அந்த அளவுமுறையை 1924-இலேயே எழுதிவைத்தவர் எட்டிங்டன்! தம் கையிலிருந்த திறவுகோல் எந்தப் பூட்டுக்கு உரியது என்பதை அவர் அறியவில்லை. கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு ஆகர்ஷணத்தால் பொருள்கள் எவ்வாறு குவிந்து நெருங்கும் என்பதை வகுத்தது. 1965-இல் ரோஜர் பென்ரோஸ் தம் தேற்றத்தை நிறுவியபோது அவ்வழியே பயன்பட்டது.

இன்னொரு சாக்ஷியையும் விசாரிக்க வேண்டும். எல்லைக்கு வெளியே, அதை ஒட்டி, வலிய இயந்திரத்தின் உதைப்பால் விழாமல் நிற்பவன் அவன். எல்லையின் ஆரத்தைவிட நூற்றிலொரு பங்கு மாத்திரம் அதிகமான தூரத்தில் அவன் ஓராண்டு நின்றால், தூரத்தில் இருப்போர்க்குப் பத்தாண்டு கழிந்திருக்கும். வெளியுலகம் அவனுக்கு விரைந்து ஓடுவதாகவும், வரும் ஒளி நீலமாகவும் தோன்றும். இதைக் கேள்வியுற்றுச் சிலர், உள்ளே விழுகிறவன் உலகத்தின் கடைசி நாள்வரை அனைத்தையும் ஒரு நொடியிற் கண்டுவிடுவான் என்று எழுதுகின்றனர். அது பிழை. நிற்பவனுக்கு உரியதை விழுகிறவனுக்கு ஏற்றிய குற்றம். வெகு தூரத்தினின்று தானாக விழுகிறவன் எல்லையைக் கடக்கும்போது, பின்னாலிருந்து வரும் ஒளியின் துடிப்பு பாதியாகக் குறைந்தே அவனைச் சேரும். அவன் காண்பது வெளியுலக வரலாற்றின் ஒரு சிறு பகுதியே. நிற்பதும் விழுவதும் ஒன்றாகா. இடம் ஒன்றாயினும் நிலை வேறானால் காட்சி வேறு.

கடந்தவன் கதியோ இரங்கத்தக்கது. எம் 87 என்னும் நக்ஷத்திர மண்டலத்தின் நடுவே 650 கோடி சூரியர்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. 2019 ஏப்ரல் 10-இல் உலகம் அதன் நிழற்படத்தைக் கண்டது. அத்தகைய பெருந்துளையின் எல்லையில் உடம்பிற்கு நோவு ஒன்றும் தெரியாது. ஆயினும் கடந்தவனுக்கு மிஞ்சியிருப்பது அதிகபட்சம் 28 மணி நேரமே. நம் பால்வீதியின் நடுவிலுள்ள, 40 லக்ஷம் சூரியர்களுக்கு மேற்பட்ட எடையுள்ள துளையிலானால் ஏறக்குறைய ஒரு நிமிஷம். பத்து சூரியர்களின் எடையுள்ள சிறு துளையிலோ, எல்லையை எட்டுமுன்பே உடல் தலைக்கும் காலுக்குமாக இழுபட்டுச் சிதைந்துபோகும். வரகுணனுக்கு மேலை வாயில் ஒன்றிருந்தது. இங்கே அதுவுமில்லை.

இப்பொழுது “அவரவர்க்கு அவரவர் உண்மை” என்போரைக் கேட்கிறோம். இம்மூவர் வாக்குமூலத்தில் எது யாருடைய இஷ்டத்தைப் பொறுத்தது? தூரத்தில் நிற்பவன் எத்தனையாவது மினுக்கைக் கடைசியாகப் பெறுவான் என்பதை விழுகிறவனே முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லலாம். விழுகிறவன் கடிகாரம் எல்லையில் என்ன மணி காட்டும் என்பதைத் தூரத்தில் நிற்பவன், அதைக் காணாமலே, கணக்கிட்டுச் சொல்லலாம். இருவர் விடையும் ஒன்றேயாகும். காட்சிகள் வேறு, காட்சிகளை விளைக்கும் விதி ஒன்று. சார்பியல் தத்துவத்தின் சாரம் இதுவே. பார்ப்பவன் நிலை மாறினாலும் மாறாதது எது என்று தேடிக் கண்டதே ஐன்ஸ்டீனின் பெருமை. அவர் பெயரைச் சொல்லிப் பொய்க்கும் மெய்க்கும் சமபந்தி போஜனம் வைப்பது அவருக்குச் செய்யும் அபசாரம்.

மேலும், ‘உறைந்த நக்ஷத்திரம்’ என்பது வீண் சொல் என்பதற்கு வெளியிலேயே சாக்ஷியம் கிடைத்திருக்கிறது. அடிபட்ட மணி ஒலித்து ஓய்வதுபோல, கலைக்கப்பட்ட கருந்துளை அதிர்ந்து ஓயும் என்று நம் தேசத்து ஸி. வி. விஷ்வேஷ்வரா 1970-இல் கணித்தார். 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி, இரு கருந்துளைகள் மோதி ஒன்றாகிய அதிர்வு அமெரிக்காவிலுள்ள கருவிகளை எட்டியது. மோதலுக்குப் பின் ஓய்ந்த விதமும் அக்கணக்கிற்கு இசைந்திருந்தது. வெளியிலிருப்போன் கண்ணுக்கு அவை ஒன்றையொன்று நெருங்கி முடிவின்றி உறைந்து நிற்கவில்லை. ஒரு நொடியிலும் சிறிய காலத்தில் ஒன்றாகி அடங்கிவிட்டன.

வழக்கு முற்றும் முடிந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. கருந்துளை மிக மெல்லிய வெப்பத்தை வெளிவிட்டு நாளடைவிற் கரையும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் காட்டினார். உள்ளே விழுந்தவற்றின் விவரம் அவ்வெப்பத்தோடு வெளிவருமா, அழிந்தேபோகுமா என்ற வினா உடனே எழுந்தது. 1993-இல் ஸஸ்கிண்டு முதலியோர், வெளியிலிருப்போன் கணக்கும் விழுகிறவன் கணக்கும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் இயலாதாகையால் முரண் இல்லை என்றனர். 2012-இல் நால்வர் சேர்ந்து, அந்தச் சமாதானம் போதாது. பழங்கருந்துளையின் எல்லையில் விழுகிறவனை நெருப்புச் சுவரே எதிர்கொள்ளலாம் என்று வாதித்தனர். அவ்வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இரு தரப்பாரும் “உன் உண்மை உனக்கு” என்று சொல்லி வீடு திரும்பவில்லை. முரண் என்று கண்டவுடன், எங்கேயோ ஒரு கணக்குத் தவறியிருக்க வேண்டும் என்று இரவும் பகலும் தேடுகின்றனர். உண்மை ஒன்றே என்ற நம்பிக்கையில்லாதவன் எதைத் தேடுவான்?

இதில் பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு பாடம் உண்டு. மேட்டூரில் அணை திறந்தாகிவிட்டது என்று அதிகாரி அறிக்கை விடுகிறார். வாய்க்காலில் ஒரு சொட்டும் காணோம் என்று கடைமடை விவசாயி முறையிடுகிறார். அதிகாரி தாம் கண்டதைச் சொல்கிறார். விவசாயியும் தாம் கண்டதையே சொல்கிறார். ஒருவரைப் பொய்யர் என்று ஏசுவது மூடர் வேலை. இருவர் சொல்வதும் சரி என்று கைகட்டி நிற்பது சோம்பேறிகள் வேலை. இடையிலுள்ள தூரம் எவ்வளவு, நீரின் வேகம் எவ்வளவு, எந்த மதகில் எவ்வளவு பிரிந்தது என்று கணக்கெடுப்பவனே ஊழியன். கணக்கெடுத்தால் இரு வாக்குமூலங்களும் ஒன்றில் அடங்கும்; அடங்காவிட்டால், நடுவில் எவனோ நீரைத் திருடியிருக்கிறான் என்பது விளங்கும். சாக்ஷிகளை மதிப்போம், அநுமானங்களைச் சோதிப்போம், விதியைத் தேடுவோம். மேடைக்கு மேடை உண்மை மாறும் என்று நமக்கு உபதேசிக்க வருவோரிடம், அந்த உபதேசமாவது எல்லா மேடைக்கும் பொருந்துமா என்று நம் வாலிபர்கள் கேட்கட்டும்.